கெங்கம்மாள் கடையில் கை நீட்டக் கூடாது

வேலப்பன்சாவடியில் கெங்கம்மாள் நடத்திய சர்பத்துக் கடைக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. கையைக் குவித்து நீட்டுகிறவனுக்கு அங்கே சர்பத்து கிடையாது. கிளாஸில் வாங்கிக் குடிக்க வேண்டும். இஷ்டமில்லையென்றால் கொஞ்ச தூரத்தில் கூவம் இருக்கிறது, மணலில் ஊற்று தோண்டிக் குடித்துவிட்டுப் போகலாம்.

இதென்ன பெரிய சட்டம் என்று இப்போது தோன்றலாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், வெள்ளைக்காரன் ஆண்டுகொண்டிருந்தபோது, பூந்தமல்லி ரோட்டில் அது ஊரையே பகைத்துக்கொள்ளும் சட்டம். கோத்தவால்சாவடிக்குக் காய்கறி ஏற்றிப் போகிற கட்டைவண்டிக்காரர்கள், மல்லிகைக் கூடையோடு பட்டணம் போகிறவர்கள், புகையைக் கக்கிக்கொண்டு வரும் மோட்டார் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் என்று எல்லோரும் அவள் கடை இருந்த புளிய மரத்தடியில்தான் நின்றார்கள். தாகம் எல்லோருக்கும் ஒன்றுதான். குடிக்கிற விதம்தான் வேறு. மேல்தெருக்காரன் எவன் வாய் வைத்த கிளாஸோ என்று தொடாமல், உயரத்திலிருந்து கையில் ஊற்றச் சொல்வான். சேரிக்காரன் பிறந்தது முதல் கையில் வாங்கியே பழகியவன். கிளாஸை நீட்டினால் பாம்பை நீட்டியது போல் ஓரடி பின்னால் போவான். கெங்கம்மாள் இரண்டு பேரையும் ஒரே வாயால்தான் ஏசினாள்.

"கைய இன்னாத்துக்கு நீட்ற? நான் இன்னா பிச்சையா போட்டுகினு கீறேன்? துட்டு குடுக்கற இல்ல, கிளாஸ்ல குடி."

வெயில் பல்லைக் காட்டும் மத்தியானத்தில் மானமா தாகமா என்று எத்தனை நேரம் யோசிக்க முடியும்? பெரும்பாலும் தாகம்தான் ஜெயித்தது.

கெங்கம்மாளுக்கு ஊர் பக்கத்தில் இருக்கும் நூம்பல். நூம்பல் என்றால் நூம்பல் சேரி. அவள் புருஷன் துலுக்கானம், மேல்தெருப் பெரிய நிலக்காரர் கோதண்டத்திடம் வில்வண்டி ஓட்டினான். அவர்கள் குடியிருந்த குடிசை நின்றதும் கோதண்டத்தின் மண்ணில்தான். துலுக்கானம் நல்லவன், யார் வம்புக்கும் போகாதவன், மாட்டை அடிக்கக்கூட மனசு வராதவன். அப்படிப்பட்டவனுக்கு இப்படி ஒரு பெண்டாட்டியை எந்தச் சாமி முடிச்சுப் போட்டதோ என்று ஊரில் எல்லோரும் வியந்தார்கள். துலுக்கானமும் வியந்தான்.

சர்பத்துத் தொழில் அவளுக்கு வந்தது பூந்தமல்லியிலிருந்து. சின்ன வயதில் அயனம்பாக்கத்து ஏரிக்கரையில் நன்னாரிக் கொடியைத் தேடிப் பிடித்து, வேர் தோண்டி, பூந்தமல்லியில் சர்பத்து வியாபாரம் செய்த காதர் பாயிடம் கொண்டுபோய்ப் போடுவாள். அப்புறம் அவர் வீட்டுக் கொல்லையிலேயே வேர் இடிக்கும் கூலி வேலைக்குச் சேர்ந்தாள். முதல் நாள் வேலை முடிந்ததும் பாய் அவளுக்கும் ஒரு கிளாஸ் சர்பத்து கொடுத்தார். அதே கிளாஸை அலம்பி அதில் அவரும் குடித்தார். அவர் அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. கெங்கம்மாளுக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பத்துப் பன்னிரண்டு வயது வரை சேரிக்கு வெளியே ஒருத்தரும் தன் கையில் ஒரு பாத்திரம் கொடுத்துக் குடிக்கச் சொன்னதில்லை என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. உறைத்த பிறகு அதை மறக்க அவள் ஒப்பவில்லை. பிற்பாடு பாய் கடையை ஏறக்கட்டிக்கொண்டு மகள் ஊருக்குப் போனபோது, கூலி பாக்கிக்கு ஈடாக அந்தப் பித்தளை அண்டாவையும் கனத்த கண்ணாடிக் கிளாஸ்களையும் அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அவள் பாகு காய்ச்சுவதைப் பார்த்தால் யாருக்கும் கொஞ்சம் பயம் வரும். வேரை மண் போக அலசி, கல்லில் வைத்து நைத்து, நடுவில் இருக்கும் கட்டையை உருவி எறிவாள். அந்தக் கட்டை ஒன்று தங்கினாலும் பாகு கசக்கும். மேல்தோலை மட்டும் கொதிக்க வைத்து இறக்கிய தண்ணீரில் போட்டு, பானை வாயைத் துணியால் கட்டி ராத்திரி முழுக்க ஊற விடுவாள். விடிந்ததும் வடிகட்டி, சர்க்கரை சேர்த்து அடுப்பில் ஏற்றினால் அப்புறம் அண்டாவை விட்டு நகரமாட்டாள். அழுக்கு நுரையாகத் திரண்டு வரும். வழித்து எடுக்க வேண்டும். விரலில் தொட்டால் தேன் போலப் பிசுக்கென்று ஒட்டும்போது இறக்கி, எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். கொஞ்சம் முந்தினால் புளித்துப் போகும், பிந்தினால் கல்லாகிப் போகும். பூக்கூடைக்காரர்கள் கழித்துப் போட்ட பன்னீர் ரோஜாவிலும் ஒரு பாகு வைத்திருந்தாள். காய்ச்சியதைப் பாட்டில்களில் ஊற்றி, கடைக்குப் பின்னால் குழி பறித்து, ஈரமான கூவத்து மணலில் கழுத்து வரை புதைத்துவிடுவாள். மேலே தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தால் கத்திரி வெயிலிலும் பாட்டில் ஜில்லென்று இருக்கும்.

ஐஸ் கிடையாது, சோடா கிடையாது. பானைத் தண்ணீர், பாகு, அரை மூடி எலுமிச்சை, ஊறின சப்ஜா விதை ஒரு கரண்டி. அவ்வளவுதான். அதற்காகவே பஸ் டிரைவர் பிரேக்கை மிதித்தான்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் கோதண்டத்தின் தண்ணீர்ப் பந்தல் இருந்தது. காலஞ்சென்ற தகப்பனார் பெயரில் வருஷா வருஷம் சித்திரை பிறந்ததும் போட்டு, நீர்மோரும் பானகமும் இனாமாக ஊற்றுவார். தர்மம்தான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் அந்தத் தர்மத்துக்கு இரண்டு வாசல் இருந்தது. முன்பக்கம் மேல்தெருவுக்குப் பித்தளை டம்ளர். பக்கவாட்டில் ஒரு தட்டி. தட்டியில் ஓட்டை போட்டு ஒரு மூங்கில் குழாய். உள்ளேயிருந்து ஜெயராமன் என்கிற ஆள் ஊற்ற, வெளியே சேரி ஜனங்கள் குனிந்து, குழாய் முனையில் கையைக் குவித்துக் குடிக்க வேண்டும்.

இனாமாகக் கிடைக்கும் மோரை விட்டுவிட்டு ஜனங்கள் துட்டுக் கொடுத்து எதிர்ப்பக்கம் சர்பத்து குடித்தால் தர்மப் பிரபுவுக்கு எப்படி இருக்கும்? அதுவும் மேல்தெரு இளவட்டங்களே இருட்டினதும் ரோட்டைத் தாண்டுகிறார்கள் என்று காதுக்கு வந்தால்? கோதண்டத்துக்கு வயிறு எரிந்தது. ஒரு சாயங்காலம் கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவரே புளிய மரத்தடிக்கு வந்துவிட்டார்.

"இன்னா கெங்கா, யாவாரம் ஜோரா கீது போல."

"நடக்குதுங்க."

"நான் சொல்றத நல்லா கேட்டுக்கோ. பொம்பள நீ, ரோட்ல குந்திகினு கண்டவன் கைலயும் கிளாஸ் குடுத்துகினு இருக்காதே. கடைய மூடிடு. ஊட்லயே பாகு காய்ச்சி, தோட்டத்து வழியா நம்ம பின்கட்டுல கொண்டாந்து குடுத்துடு. எவ்ளோ காய்ச்சினாலும் நானே எடுத்துக்கறேன். யார் காய்ச்சினதுன்னு மட்டும் வாயத் தெறக்கக் கூடாது."

"பாகுல தீட்டு இல்லீங்களா?"

"நெருப்புல காஞ்ச வஸ்துக்குத் தீட்டு ஏது?"

"அப்ப கிளாஸ்ல?"

கோதண்டம் தடியால் மண்ணைக் கிளறினார்.

"பாகு வேணும், அதக் காய்ச்சின கை வேணாம். அந்த யாவாரம் எனக்கு ஒத்து வராதுங்க ஐயா" என்றாள் கெங்கம்மாள்.

அந்தப் பக்கத்துச் சேரி ஜனங்கள் நிலக்காரரை "ஆண்டே", அதாவது எஜமானே என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் அதுவரை அப்படித்தான் கூப்பிட்டிருந்தாள். அன்றைக்கு வாயில் "ஐயா" என்று வந்துவிட்டது. வந்ததை அவள் திருத்திக்கொள்ளவில்லை. கோதண்டம் அதைக் கவனித்தார். தடியை ஊன்றிக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போனார்.

மறுநாள் காலையில் குடிசை வாசலில் அண்டா கொதித்துக்கொண்டிருந்தபோது துலுக்கானம் ஆரம்பித்தான். ஊர் பூராவும் பரவிய சேதி அவன் காதுக்கும் வந்து சேர்ந்திருந்தது.

"ஊட்டு வாசல் தேடி வந்த லச்சுமிய எட்டி ஒதைக்கிறியே, உனக்கு அறிவு கீதா? நாளிக்கு இந்த மண்ண விட்டு எழுந்திருன்னா எங்க போய் நிப்ப?"

"ரோட்ல நிப்பேன். ரோடு அவரு அப்பன் ஊட்டு சொத்தா?"

"நிழல்ல குந்திகினு காய்ச்சறதுக்கு இன்னாடி வலிக்குது? அதே பாகு, அதே துட்டு."

"அதே கை. இந்தக் கைய ஒளிச்சி வெச்சிகினு பொழைக்கணுமா? நான் இன்னா திருடினேனா?"

இப்படி ஒன்றுக்கு ஒன்பதாகப் பேசிக்கொண்டே அவள் அண்டாவுக்கு முதுகைக் காட்டி நின்றுவிட்டாள். அவள் தொழிலில் அதைவிடப் பெரிய பிசகு கிடையாது. நெடி மூக்கில் ஏறிய பிறகுதான் திரும்பினாள். அடி பிடித்திருந்தது. அவசரமாக இறக்கி, விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். நன்னாரியின் வாசத்துக்கு அடியில் கரிந்த சர்க்கரையின் கசப்பு. துப்பிவிட்டாள்.

"கொட்டு இத."

"இம்மாஞ் சக்கரையவா?"

"என் கடைல இத விக்க மாட்டேன். மாட்டுத் தண்ணில கலந்து ஊத்து. உங்க ஆண்டை மாடாவது குடிக்கட்டும்."

துலுக்கானம் ஒரு குடத்தில் அதை வழித்துக்கொண்டு கோதண்டத்தின் மாட்டுக் கொட்டகைக்குப் போனான். குடம் காலியாகத் திரும்பியது. அவள் அதைப் பற்றி அப்புறம் நினைக்கவில்லை.

இரண்டொரு நாளில் பொன்னியம்மன் ஊர்வலம் வந்தது. அம்மன் வெளியே வருகிற அன்றைக்கு ரோட்டில் சேரிக்காரர் கடை இருக்கக் கூடாது என்று மேல்தெருவில் கட்டுப்பாடு. கெங்கம்மாள் கிளாஸ்களைக் கூடையில் அடுக்கிக் கடையின் கீற்றுக் கொட்டகைக்குள் வைத்துவிட்டு, சேரி ஜனங்களோடு போய் நின்றாள். அவள் அண்ணன்மார் விடிந்ததிலிருந்து மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். உச்சி வெயிலில் அம்மன் பந்தலுக்கு எதிரே இளைப்பாற இறங்கியபோது அடித்தவர்களுக்கும் நடந்தவர்களுக்கும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

பந்தலில் அன்று ஏக தடபுடல். கோதண்டத்தின் மகளைக் கொடுத்திருந்த சம்பந்தி வீட்டார் திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்தார்கள். வெறும் மோரும் பானகமும் போதாது என்று பட்டணத்திலிருந்து நன்னாரி வரவழைத்திருப்பதாகக் கோதண்டம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சம்சாரம் சாமுண்டீஸ்வரி தன் கையாலேயே டம்ளர் டம்ளராகச் சம்பந்தி அம்மாளுக்கும் மற்ற சுமங்கலிகளுக்கும் எடுத்துக் கொடுத்தாள். குடித்தவர்கள் ஆகா என்றார்கள். பட்டணத்துச் சரக்கு என்றால் ஆகா என்றுதானே சொல்ல வேண்டும்.

மூங்கில் குழாயிலும் அன்று சர்பத்துதான் வந்தது. கெங்கம்மாள் அந்தப் பக்கம் போகக் கூடாதென்று இருந்தவள். ஆனால் தாகம் யாரை விட்டது? வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் எல்லோரையும் போலக் குனிந்து கையைக் குவித்தாள். குழாயிலிருந்து கையில் விழுந்தது. வாய்க்குக் கொண்டுபோகும்போதே நன்னாரி வாசம் வந்தது. அதற்குள்ளிருந்து கரிந்த சர்க்கரையின் நெடியும் வந்தது. தன் அடுப்பில் கரிந்ததை எந்தப் பெண்ணும் மறக்கமாட்டாள்.

தலையைத் திருப்பினாள். கொஞ்சம் தள்ளி வில்வண்டியின் நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு துலுக்கானம் நின்றான். பெண்டாட்டியைப் பார்த்தான், உடனே மாட்டுக் குளம்பைப் பார்க்க ஆரம்பித்தான். கேட்க வேண்டியது ஒன்றும் மிச்சமில்லை. குடம் மாட்டுக் கொட்டகையைத் தாண்டிப் பின்கட்டு வரைக்கும் போயிருக்கிறது.

எது அவளுக்கு அதிகம் வலித்தது என்று சொல்வது கஷ்டம். புருஷன் முதுகில் குத்தியது ஒரு பக்கம். தான் காய்ச்சியதையே தனக்குக் குழாயில் ஊற்றுகிறார்களே என்பது இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவில், கெட்டுப்போன சரக்கு தன் அடுப்பிலிருந்து ஊருக்குள் போய்விட்டதே என்கிற ஆத்திரமும் சேர்ந்துகொண்டது. கையை விரித்தாள். சர்பத்து மண்ணில் ஒழுகியது.

தட்டியைச் சுற்றிக்கொண்டு பந்தலின் முன்பக்கம் போய் நின்றாள். அந்தப் பக்கம் சேரிக் கால் பட்டதே இல்லை.

"ஜெயராமா, எனக்கு டம்ளர்ல ஊத்து."

ஜெயராமன் கோதண்டத்தைப் பார்த்தான்.

"இன்னாடி இது, அம்மன் முன்னால? பின்னால போ" என்றார் கோதண்டம்.

"போறேன். ஒண்ணு சொல்லிட்டுப் போறேன் ஐயா. இது பட்டணத்து சர்பத்து இல்ல. என் அடுப்புல காஞ்சது. அடி புடிச்சிப் போச்சின்னு நான் கடைல விக்காம, உங்க மாட்டுக்குக் குடுத்தனுப்பிச்சது. நாக்குல கசப்பு தட்டுதா இல்லியா, குடிச்சவங்க சொல்லட்டும்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பைத்தியக்காரி என்று துரத்தியிருக்கலாம். வியாபாரம் பேசுகிற குரலில் சொன்னாள்.

சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருத்தர் பாதி குடித்த டம்ளரை மெல்லக் கீழே வைத்தார். வைத்தால் ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்று தோன்றியிருக்க வேண்டும், மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். குடிக்கவும் இல்லை, வைக்கவும் இல்லை.

சாமுண்டீஸ்வரி புருஷன் பக்கம் திரும்பினாள். "நான் காலைலயே சொன்னேன், கரிஞ்ச வாசன வருதுன்னு. இவ சொல்றது நெசமா?"

"பொய்யி. பட்டணத்துலேர்ந்து வந்த சரக்கு. நானே வரவழைச்சேன்" என்றார் கோதண்டம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். அன்றைக்கு ஒரு ஊரே சேர்ந்து சோற்றைத் தள்ளி இடம் கொடுத்தது. நிஜம் என்று வைத்துக்கொண்டால் குடித்த அத்தனை பேரும் குளித்து முழுகிப் பரிகாரம் செய்ய வேண்டும். பூசாரியும் இரண்டு டம்ளர் குடித்திருந்தார். பொய் என்று வைத்துக்கொண்டால் தொல்லையில்லை. பட்டணத்துச் சரக்குதான், பட்டணத்துச் சரக்குதான் என்று நாலா பக்கமும் தலை ஆடியது.

கெங்கம்மாள் எல்லா முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"சரி, பட்டணத்து சரக்காவே இருக்கட்டும். இதவிட நல்லது நாளிக்கு என் கடைல கீது. வேணும்னா வாங்க. கிளாஸ்லதான் குடுப்பேன்."

திரும்பி நடந்தாள். சேரி ஜனங்களில் சிலர் அவளைப் பார்த்துப் பயந்தார்கள். அவளுடைய பெரிய அண்ணன் மட்டும் மேளத்தை எடுத்துத் தோளில் மாட்டி, யாரும் சொல்லாமலே ஓங்கி ஒரு அடி அடித்தான்.

அந்தி சாய்கிற நேரத்தில் துலுக்கானம் வந்து குடிசை வாசலில் உட்கார்ந்தான். கடை நாளைக்கு இருக்கக் கூடாது, இருந்தால் வண்டி வேலையும் இல்லை குடிசையும் இல்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"கெட்டுப் போனதுன்னு அவருகிட்ட சொல்லிக் குடுத்தியா, சொல்லாமலே குடுத்தியா?" என்று கேட்டாள். அவளுக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டியிருந்தது.

"அவரு கேட்டாரு, கைல குடம் இருந்துச்சி. அடி புடிச்சதுன்னு சொல்லல. சம்பந்தி வராங்க, ஒரு நாளிக்கு மட்டும்னாரு. உனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். எனக்குப் பயமா இருந்துச்சி கெங்கா. இப்பவும் பயமாத்தான் கீது. நாளிக்கு ஒரு நாள் போவாத."

"நீ போய் வண்டி ஓட்டு. நான் கடைக்குப் போறேன்."

அதற்கு மேல் அவள் அவனோடு பேசவில்லை. சோறு போட்டாள், பேசவில்லை.

விடிகாலையில் போய்ப் பார்த்தபோது கொட்டகை இல்லை. கீற்றும் கம்பும் ரோட்டோரப் பள்ளத்தில் கிடந்தன. பானை ஓடாகிக் கிடந்தது. பாயின் கிளாஸ்கள் புளிய மர வேரில் அடித்து நொறுக்கப்பட்டிருந்தன. கெங்கம்மாள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அந்தக் கிளாஸ்களுக்காக அழுதாள். வெட்கப்படாமல் வாய்விட்டு அழுதாள். அப்புறம் மூக்கைச் சிந்தி, முந்தானையால் முகத்தைத் துடைத்து, பின்னால் போய் மணலைக் கிளறினாள். இடித்தவர்களுக்கு அவள் பாட்டில் புதைக்கிற வழக்கம் தெரியாது. எல்லாம் பத்திரமாக இருந்தன. உடைந்த குவியலுக்குள் தேடியதில் கூடையோடு உருண்டு போன ஒரே ஒரு கிளாஸும் கிடைத்தது. விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது.

அண்ணன் வீட்டிலிருந்து ஒரு பானை தண்ணீர் வந்தது. கூரை இல்லை, பலகை இல்லை. உடைந்த இடத்திலேயே தரையைப் பெருக்கி உட்கார்ந்து, முதல் வண்டி கண்ணில் பட்டதும் குரல் கொடுத்தாள். அதுவரை அவள் "நன்னாரி சர்பத்து" என்று மட்டும்தான் கூவுவாள். யார் கடை என்று கேட்டவனுக்குத்தான் பதில். அன்று யாரும் கேட்கக் காத்திருக்கவில்லை.

"நூம்பல் சேரி கெங்கம்மா சர்பத்து. நூம்பல் சேரி கெங்கம்மா சர்பத்து."

தெரிந்தே குடிக்கட்டும், தெரிந்தே போகட்டும் என்று நினைத்தாள். சில வண்டிகள் நிற்காமல் போயின. முன்பெல்லாம் தவறாமல் அங்கே நின்ற வண்டிகள்தான். பூக்கூடைக்காரன் ஒருவன் நின்றான். கத்திரிக்காய் வண்டிக்காரன் இறங்கி, நொறுங்கிக் கிடந்த கண்ணாடியைப் பார்த்து, "இன்னா அண்ணி, யானை பூந்துச்சா?" என்று கேட்டான். "ஆமா, தடி ஊனிகினு வந்துச்சி" என்றாள். அவன் சிரித்துக்கொண்டே கிளாஸை வாங்கினான். ஒற்றைக் கிளாஸ் என்பதால் ஒருவன் குடித்து அவள் அலம்பும் வரைக்கும் அடுத்தவன் காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருந்தார்கள்.

வெயில் ஏறின பிறகு திருவேற்காட்டுப் பக்கமிருந்து ஒரு வில்வண்டி வந்தது. ஓட்டி வந்தவன் துலுக்கானம். திரை போட்டிருந்தது. புளிய மரத்துக்கு நேராக வண்டியை நிறுத்திவிட்டு அவன் இறங்கி, மாட்டுக் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றான். திரை விலகி, வளையல் போட்ட கை ஒன்று வெள்ளிச் சொம்பை நீட்டியது. சாமுண்டீஸ்வரி.

"கோயிலுக்குப் போய் வரேன். நாக்கு வறண்டு போச்சி. இதுல ஊத்து."

"சொம்புல ஊத்தறதில்லீங்கம்மா. கிளாஸ்லதான்."

"நான் யாருன்னு தெரியுதா?"

"தெரியுதுங்க. நேத்து உங்க கையாலதான் எல்லாருக்கும் என் சர்பத்து குடுத்தீங்க."

சொம்பு அப்படியே அந்தரத்தில் நின்றது. துலுக்கானத்தின் முகத்தில் ஈ ஆடவில்லை. உள்ளே போன சொம்பு மறுபடி வரவில்லை. வண்டி கிளம்பவும் இல்லை. கெங்கம்மாள் யாரையும் கெஞ்சவில்லை, விரட்டவும் இல்லை. வரிசையில் அடுத்து நின்ற கிழவனுக்குக் கலக்கிக் கொடுத்தாள், வாங்கி அலம்பினாள்.

"என்கிட்ட பட்டணத்து சரக்குன்னு பொய் சொல்லி, என் கையால ஊருக்கெல்லாம் குடுக்க வெச்சிட்டாரு" என்றது திரைக்குள்ளிருந்து வந்த குரல். கோபம் அடிக்குரலில் நடுங்கியது. "கெட்டதக் குடிச்சாச்சி. நல்லது எப்படி இருக்கும்னு பாக்கணும். கிளாஸ்லயே குடு."

கெங்கம்மாள் மணலிலிருந்து புதுப் பாட்டில் ஒன்றை உருவினாள். எலுமிச்சை பிழிந்து, விதை போட்டு, சில்லு பெயர்ந்த பக்கம் வாயில் படாதபடி திருப்பி நீட்டினாள். வளையல் கை ஒரு கணம் தயங்கி, வாங்கிக்கொண்டது. திரை மூடியது. திறந்தபோது கிளாஸ் காலி. அடியில் ஒட்டியிருந்த விதைகூட இல்லை.

"இனிமே இந்த எடத்துல ஒரு கீத்து விழுந்தாலும், நான் இங்க குடிச்சத அவரு காதுபட ஊரெல்லாம் சொல்லுவேன். அவருகிட்ட சொல்லிக்கறேன்."

"அது உங்க ஊட்டு சேதிங்கம்மா. நீங்க சொன்னாலும் சொல்லாட்டியும் நாளிக்கு நான் இங்கதான் கீறேன்."

உள்ளே சிரிப்பா பெருமூச்சா என்று தெரியாத ஒரு சத்தம் கேட்டது. துலுக்கானம் ஓடிவந்து வண்டியில் ஏறப் போனான்.

"நில்லு" என்றாள் கெங்கம்மாள். நேற்று அந்தியிலிருந்து அவனோடு அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அவன் நின்றான். வெயிலில் போக வர நாலு மைல் ஓட்டியவன், உதடு வெடித்திருந்தது. பெண்டாட்டி கடையில்கூட அவன் இதுவரை கிளாஸில் குடித்ததில்லை, எவனாவது ஆண்டையிடம் போய்ச் சொல்லிவிடுவானோ என்கிற பயத்தில். பழக்கத்தில் அவன் இரண்டு கைகளும் தாமாகச் சேர்ந்து குவிந்தன.

அவள் சாமுண்டீஸ்வரி குடித்த கிளாஸை மற்றவர்கள் குடித்த பிறகு அலம்புகிற மாதிரியே அலம்பி, கலக்கி, அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். திரை இன்னும் திறந்துதான் இருந்தது. உள்ளேயிருந்து சாமுண்டீஸ்வரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் கடைல கை நீட்டக் கூடாது. உனக்கும் சேத்துத்தான்."

துலுக்கானம் திரையைப் பார்த்தான், கிளாஸைப் பார்த்தான், கடைசியில் அவளைப் பார்த்தான். குவிந்த கைகளைப் பிரித்தான். கிளாஸை வாங்கி, நின்றபடியே, முழுசாகக் குடித்தான்.